நோய் தமிழருக்கு, நோய்க்குறிப்பு எவருக்கு?

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் திமிரி. உழவை நம்பி வாழ்ந்த வட்டாரம் அது. இற்றை நாளில் அதன் ஊர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் பலர் விடியுமுன் புறப்பட்டு, தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் கூலிக்குச் செல்கின்றனர். பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பர்த் திங்களில் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திமிரியும் ஆற்காடும் இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்தன; ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன; அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேலூர் மாவட்டத்திலேயே நின்றது. கோடுகள் மாவட்டங்களைப் பிரித்தன, நோயைப் பிரிக்கவில்லை. திமிரிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர்க்கு மூச்சிளைப்புக் கண்டால், அவர் முதலில் செல்வது தம் ஊரையடுத்த தொடக்க நலவாழ்வு நிலையத்திற்கு; பின்னர் ஆற்காட்டிற்கு; அடுத்து வாலாசாப்பேட்டைக்கு; அதற்கும் மேலெனில் அடுக்கம்பாறைக்கு.

இந் நான்கு இடங்களிலும் அவர் நான்கு புதிய சீட்டுப் பெறுகின்றார். முன்னையிடத்தில் எடுத்த குருதி ஆய்வு பின்னையிடத்திற்குத் தெரியாது. ஞெகிழிப் பையொன்றில் அவர் சுமந்து செல்லும் தாள்களே அவருடைய நோயின் வரலாறு. மழையில் அப் பை நனைந்தால் வரலாறு அழிந்தது. நனையாது காத்தாலும், அத் தாள்களில் எழுதியிருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஏனெனில் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தம் உடலைப் பற்றிய செய்தியைத் தாமே சுமந்துகொண்டு, அதனைப் படிக்க மட்டும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலை, எழுத்தறிந்த ஓர் இனத்திற்கு இழிவு தருவதாகும்.

இந் நிலையை மாற்றும் ஆற்றல் கணிப்பொறிக்கு உண்டு. எனவே பொது மருத்துவத்தில் கணிப்பொறி புகுவதைத் தமிழ்ப்பற்றாளர் எதிர்க்க வேண்டுவதில்லை; வரவேற்கவே வேண்டும். புதுமை எதுவாயினும் அயலாரது சூழ்ச்சியென்று ஒதுங்கி நிற்போர், அப் புதுமை தம் மொழியின்றியே நிலைபெற்றபின் அழுவதற்கு மட்டுமே உரியராவர். எக் கருவியும் வேரூன்றுமுன் வளைக்கத்தக்கது. வேரூன்றியபின் அதற்கு மாந்தரே வளைய நேரும்.

தமிழ்நாடு இத் துறைக்குப் புதிதன்று. 1994-இல் நிறுவப்பட்டு 1995-இல் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டக் கிடங்குகளைக் கணிப்பொறியால் இணைத்து, எந்தக் கிடங்கில் எம் மருந்து எவ்வளவு இருக்கின்றது என்பதைத் தலைமையிடத்திலிருந்தே அறியும் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் பொத்தகம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் வரம்புக்குள் தமக்கு வேண்டிய மருந்தை அவர்களே எடுத்துக்கொண்டனர். குழுமப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயராலேயே கொள்முதல் நடந்தது. கேரளமும் இராசசுத்தானமும் பின்னர் இவ் வழியைப் பின்பற்றின. தில்லி சொல்லித் தந்து தமிழ்நாடு கற்றதன்று அது. தமிழ்நாடு செய்து காட்டப் பிறர் கண்டு கற்றது.

அதன்பின், உலக வங்கிக் கடனோடு 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு நலவாழ்வு அமைப்புத் திட்டத்தின் வழி, அரசு மருத்துவமனைகளின் பதிவேடுகள் கணிப்பொறிக்கு ஏறத் தொடங்கின. சூல்மகளிரின் பெயரும் பேறுகாலக் குறிப்பும் 'பிக்மி' எனும் பதிவில் ஏற்றப்படுகின்றன. மருத்துவர் முத்துலெட்சுமி நினைவு மகப்பேற்று உதவித்தொகை அப் பதிவின் அடிப்படையிலேயே வழங்கப்படுகின்றது. 2021 ஆகசுட்டு 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் தன்னார்வலர் வீடுதேடிச் சென்று குருதியழுத்தமும் நீரிழிவும் பார்த்து, கண்டதைப் பதிவு செய்கின்றனர். அத் திட்டத்தின் பெயர் நல்ல தமிழ்ப்பெயர் என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். கல்லாத கிழவியும் அப் பெயரைக் கேட்டவுடன் அது என்ன செய்யும் என்பதை அறிந்துகொள்கின்றாள்.

நடுவணரசின் திட்டத்திற்கோ பெயரிலேயே மக்கள் அயலாராகின்றனர். 2020 ஆகசுட்டு 15-இல் அறிவிக்கப்பட்டு, 2021 செபுதம்பர் 27-இல் நாடளாவி விரிக்கப்பட்ட எண்ணியல் நலவாழ்வுத் திட்டம் 'ஆயுசுமான் பாரத்' எனும் வடமொழிப் பெயரைத் தாங்கி வந்தது. அதன்படி ஒவ்வொருவர்க்கும் பதினான்கு இலக்கங் கொண்ட 'ஆபா' எண் ஒன்று தரப்படும். எந்த மருத்துவமனையில் எடுத்த குறிப்பாயினும், அவர் ஒப்பினால், அவ் வெண்ணின்கீழ் இணைக்கப்பெற்று வேறு மருத்துவமனையிலும் காணக் கிடைக்கும். கருத்து நல்லதே. ஞெகிழிப் பையின் வேலையை ஓர் எண் செய்துவிடும். ஆனால், 2023 நவம்பரில் சிற்றூர் நலவாழ்வு மையங்களின் பெயரையே 'ஆயுசுமான் ஆரோக்கிய மந்திர்' என மாற்றுமாறு மாநிலங்களுக்கு எழுதிய கை, அவ் வெண்ணின்கீழ் வரும் குறிப்பைத் தமிழில் தருவதற்கு அதே விரைவைக் காட்டுமா என்பதே வினா.

இவ் வினா வெறும் ஐயத்தால் எழுவதன்று, பட்டறிவால் எழுவது. பெருந்தொற்றின் இரண்டாம் அலை உயிர்களை வாரிக்கொண்டிருந்த 2021 மே முதல் நாளிலிருந்து, 18 முதல் 44 அகவையினர் 'கோவின்' இணையப் பக்கத்தில் முன்பதிவு செய்தாலன்றித் தடுப்பூசி பெறவியலாது என்றொரு நிலை ஏற்படுத்தப்பட்டது. அப் பக்கம் அப்போது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கைப்பேசி இல்லாதோரும் ஆங்கிலம் அறியாதோரும் என் செய்வர் என்று உச்ச நயன்மன்றமே அம் மேத் திங்களில் வினவ நேர்ந்தது. அடுத்த சூன் திங்கள் தொடக்கத்தில் இந்தியும் வேறு சில மொழிகளும் அப் பக்கத்தில் சேர்க்கப்பட்டன. தமிழ் மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து குரல் எழுந்தபின்னரே, சில நாள் கழித்துத் தமிழ் சேர்க்கப்பட்டது. சில நாள்தானே என்று கூறுவோர், அந் நாள்கள் எத்தகைய நாள்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கேட்டவுடன் சேர்க்க முடிந்த மொழியைக் கேளாமுன் சேர்க்காமல் விட்டது கருவியின் குறையன்று. கருவியை ஆள்வோரின் நெஞ்சக் குறை.

மருத்துவம் தமிழில் நடவாது என்பார் ஒருசாரார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய துறைகளில் தமிழ் நூல்களை ஆக்கினார், மாணவரை ஆக்குவித்தார். தாய்மொழியில் கற்ற மருத்துவரே தம் ஊர் மக்களுக்குப் பயன்படுவர் என்பது அவர் கண்ட உண்மை. அயல்நாட்டார் ஒருவர், கணிப்பொறியும் கலைச்சொல் அகராதிகளும் இல்லாத நூற்றைம்பதாண்டுக்கு முன்னர்ச் செய்ததை, இத்தனை மருத்துவக் கல்லூரிகளை வைத்திருக்கும் தமிழ்நாடு இன்று செய்ய முடியாதென்பது நம்பத்தக்கதன்று.

கணிப்பொறியில் தமிழ் ஏறாது என்பார் இன்னொருசாரார். 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியைத் தன் ஆட்சிப் பயன்பாட்டிற்கு ஏற்றது. மறுப்புக்கு இருந்த கரணியங்கள் யாவும் இவ்வாறு ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன.

உண்மையில், தாளேட்டைவிடக் கணிப்பொறி ஏடே மொழிக்கு இணக்கமானது. தாளில் ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதினால் அது ஆங்கிலமாகவே கிடக்கும். கணிப்பொறியிலோ நோயின் பெயரை உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த குறியெண்ணாகப் பதிய முடியும். நீரிழிவுக்கு ஒரு குறி. ஈளைநோய்க்கு ஒரு குறி. அக் குறிக்கு எம்மொழியும் இல்லை. எனவே, அதே பதிவு மருத்துவரின் திரையில் ஆங்கிலத்திலும், நோயாளியின் கையிலுள்ள தாளில் தமிழிலும் தோன்றச் செய்யலாம். 'உணவுக்குப் பின், காலை ஒன்று, இரவு ஒன்று' என்பதும் அவ்வாறே. மெட்பார்மினை மெட்பார்மின் என்றே தமிழெழுத்தில் எழுதுக; உலகப் பொதுப்பெயரை மாற்ற வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அம் மருந்தை எப்போது, எத்தனை, எதன்பொருட்டு உண்பது என்பதைத் தமிழில் எழுதுக என்பதே கேட்பது. ஒருமுறை கலைச்சொற் பட்டியல் அமைத்துவிட்டால் போதும். கோடிக்கணக்கான சீட்டுகளைக் கருவியே தமிழில் எழுதிக் கொடுக்கும்.

ஏறத்தாழப் பதின்மூன்று இலக்கம் மக்களே வாழும் எசுத்தோனியா எனும் நாட்டைப் பார்க்க. சோவியத்து ஒன்றியத்தினின்று 1991-இல் விடுபட்ட அச் சிறுநாடு, 2008-இல் நாட்டளாவிய மருத்துவக் குறிப்பு அமைப்பைத் தொடங்கிற்று. 2010-இல் மருந்துச் சீட்டையும் அதில் இணைத்தது. அவ்வளவும் அவர்தம் மொழியில். மேலும், தம் குறிப்பை எம் மருத்துவர் எப்போது திறந்து பார்த்தார் என்பதையும் ஒவ்வொரு குடிமகனும் தாமே பார்க்கலாம். பழைய வேலூர் மாவட்டத்தினும் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஒரு நாட்டிற்கு இயன்றது, ஏழு கோடியைக் கடந்த தமிழ்நாட்டிற்கு இயலாதாம்! இயலாமை எண்ணிக்கையில் இல்லை, எண்ணத்தில் இருக்கின்றது.

தில்லியை மட்டுங் குறைகூறிக் கடந்துவிடவும் இயலாது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன்பின் அறுபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டை ஆண்டோர் தமிழரே. ஆயினும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் மருந்துச் சீட்டும், ஆய்வு முடிவும், வீடு திரும்பும்போது தரும் குறிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பெயர்ப்பலகையில் தமிழும் உள்ளே ஆங்கிலமுமாக நிற்பது ஆட்சிமொழி ஆகாது. வாயிற்படி மொழியே ஆகும். இற்றைக் கணிப்பொறி மாற்றத்திலும் பழைய ஆங்கிலத் தாளையே திரையில் ஒட்டிவைத்தால், பிழை இன்னும் நூறாண்டுக்கு உறுதிப்படும்.

மொழியை அடுத்து நிற்பது தொழில். தோல் ஆலைகள் நிறைந்த இப் பகுதிக்கு இது மொழியோடொத்த உயிர்ச் சிக்கல். பாலாற்றங்கரைத் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகசுட்டு 28-இல் உச்ச நயன்மன்றம் வழங்கிய தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிர்செய்யத் தகாததாயிற்று என்று குறிக்கப்பட்டுள்ளது. 2025 சனவரித் திங்களிலும் அதே பாலாற்று மாசு பற்றி அம் மன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைக் கழிவைத் தேக்கிய தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். நிலத்திற்கு எக்டேர்க் கணக்கு உண்டு. ஒரே நாளில் மாண்டோர்க்கும் கணக்கு உண்டு. நாளும் சிறுகச் சிறுக மூச்சிழப்போர்க்கும் தோல் வெடித்துப் புண்படுவோர்க்கும் ஊர்தோறும் கணக்கு வேண்டாவா?

குரோமிய உப்புகள் தோலில் ஆறாப் புண்ணையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஆறிணைதிற குரோமியம் நுரையீரற் புற்றுக்குக் கரணியமாவது உலகறிந்தது. காலணி ஒட்டும் பசையிலுள்ள கரைப்பான்கள் நரம்பைத் தாக்கும். இந் நோய்களோடு வருவோரிடம் மருத்துவர் பெயரும் அகவையும் கேட்கின்றார். 'என்ன தொழில், எத்தனை ஆண்டு, எப் பிரிவில்?' என்பவை ஏட்டில் ஏறாவிடின், புண்ணுக்குக் களிம்பு கிடைக்கும். புண்ணின் வேர் மறைந்தே இருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, குரோமியப் புண் முதலிய தொழில்வழி நோய்களைக் கண்ட மருத்துவர் அதனைத் தொழிற்சாலை ஆய்வகத் தலைமைக்கு அறிவிக்க வேண்டுமென்று கூறிற்று. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்வறிவிப்புக் கடமை தொடர்கின்றது. ஆனால், நெரிசல் மிக்க புறநோயாளர் பிரிவில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஒவ்வொருவர்க்கும் தனி மடல் எழுதிக்கொண்டிருக்க இயலாது. தொழில் எனும் ஒரு கட்டமும் நோயின் குறியெண்ணும் ஒருங்கே பதிவானால், அவ் வறிவிப்பைக் கருவியே செய்துவிடும். திமிரியில் ஒருவர், கலவையில் ஒருவர், மேல்விசாரத்தில் ஒருவர் எனச் சிதறிக் கிடக்கும் நோயாளிகள் ஒரே ஆலையின் ஒரே பிரிவில் உழைத்தோர் என்பது அப்போது வெளிப்படும். தனித்தனித் தாள்களில் ஊழ்வினையாய்த் தோன்றியது, ஒன்றாக அடுக்கும்போது குற்றமாய்த் தோன்றும். கணிப்பொறி மருத்துவத்தின் தலையாய பயன் இதுவே.

அதே கருவி எதிர்ப்பக்கமும் வெட்டும். ஒரு பெண்ணுக்கு ஈளைநோய் இருந்ததென்பதும், ஒருவர்க்கு முதுகெலும்பு நைந்ததென்பதும் வேலைக்கு எடுப்போர் கண்ணிற் பட்டால், மறுநாளே வாயில் மூடப்படும். நோயின் கணக்கு அரசுக்கு வேண்டும். நோயாளியின் பெயர் முதலாளிக்குப் போகக் கூடாது. இவ் விரண்டையும் பிரித்துக் காப்பதே அறம். காப்பு எளிதன்று என்பதற்கும் சான்று உண்டு. 2018-இல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமத்தில் ஏறத்தாழப் பதினைந்து இலக்கம் பேரின் குறிப்புகள் திருடப்பட்டன; அந் நாட்டுத் தலைமையமைச்சரின் குறிப்பும் அவற்றுள் ஒன்று. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்சு மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டு முடங்கின. சீட்டுப் பதிவு முதல் ஆய்வு முடிவு வரை பல நாள் கையாலேயே எழுத நேர்ந்தது. அத்துணைப் பெரிய நிலையங்களுக்கே அந் நிலையெனில், தாளேட்டை முற்றத் துறந்த சிற்றூர் நிலையம் என்னாகும்?

2023-இல் இயற்றப்பட்ட தனியாள் தரவுக் காப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு உண்டு. ஒருவரின் செய்தியைப் பெறுமுன் அவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். அவ் வேண்டுகோளை ஆங்கிலத்திலோ அரசியற் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழியொன்றிலோ பெறும் வாய்ப்பை அவருக்கு அளிக்க வேண்டும் என்பதே அது. அச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாகவே நடப்புக்கு வருகின்றன. புரியாத மொழியில் எழுதிய தாளில் கைந்நாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. அது பறித்தலுக்கு இட்ட மெல்லிய பெயர். இப் பிரிவைத் தமிழர் தம் உரிமையென அறிந்து, ஒவ்வொரு மருத்துவமனை மேசையிலும் கேட்டுப் பெறவேண்டும்.

இன்னுமொன்று. இங்கிலாந்து அரசு 2002-இல் நாடு முழுதுக்கும் ஒரே மருத்துவக் கணிப்பொறித் திட்டத்தை மேலிருந்து திணித்தது. ஏறத்தாழ ஆயிரங்கோடிப் பவுண்டு விழுங்கியபின், 2011-இல் அதனைக் கலைப்பதாக அறிவித்தது. களத்தில் உழைக்கும் மருத்துவரையும் செவிலியரையும் கேளாமல் தலைமையிடத்தில் வரைந்த திட்டம் அவ்வாறுதான் முடியும். தமிழ்நாட்டிலும் ஊர்ச் செவிலியர், பதிவேட்டில் ஒருமுறை, கணிப்பொறியில் ஒருமுறை என எழுதும் சுமை பற்றிப் பலகாலும் முறையிட்டுள்ளனர். தொட்டு மருந்து கொடுக்க வேண்டிய கை தட்டச்சுப் பலகையிலேயே கிடந்தால், ஏடு நிறையும், நோய் தீராது.

ஆகவே, அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. நோயாளியின் கைக்கு வரும் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு திரையும் தமிழில் இருத்தல் வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்து வந்து இராணிப்பேட்டையில் உழைப்போர்க்கு அவர்தம் வங்கமொழியிலும் கிடைத்தல் வேண்டும். தாய்மொழி உரிமை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கைப்பேசி இல்லாதவர்க்கு அச்சிட்ட தாள் மறுக்கப்படலாகாது. ஆபா எண் பெறுவது அவரவர் விருப்பம் என்றே நடுவணரசு கூறுகின்றது. எனவே எண் இல்லையென்று எவரும் மருத்துவம் மறுக்கப்படலாகாது. தொழிற்கட்டம் இல்லாத நோயேடு தோல் ஆலைப் பகுதிகளில் ஏற்கப்படலாகாது. தம் குறிப்பை எவர் பார்த்தார் என்பதை அவரவரே காணும் வழி வேண்டும். கணிப்பொறி முடங்கும் நாளுக்கென்று தாளேடு ஒன்று நிலையந்தோறும் இருத்தல் வேண்டும். பதிவுக்கெனத் தனிப் பணியாளர் அமர்த்தப்பட்டு, செவிலியர் செவிலியராகவே இயங்குதல் வேண்டும்.

மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மருத்துவமனையில் தாளைப் பெறும்போது, 'இதனைத் தமிழில் தருக' என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் புறக்கணிப்பர். ஊரே கேட்டால் மென்பொருள் மாறும். 2021 சூனில் தமிழ் சேர்க்கப்பட்டது கேட்டதனால்தான் என்பதை மறத்தல் கூடாது. படித்த இளைஞர் மருத்துவக் கலைச்சொற்களைத் திரட்டுக. தமிழ் மருத்துவர் அவற்றைத் திருத்தி உதவுக. தொழிற்சங்கத்தார் தொழிற்கட்டத்திற்காகக் குரலெழுப்புக.

உடல் தமிழரது, உழைப்பு தமிழரது, நோயும் தமிழரது. அந் நோயைப் பற்றிய செய்தி மட்டும் அயல்மொழியில், அயலார் பூட்டிய பேழையில் கிடப்பதை இனியும் பொறுத்தல் தகாது. பேழை இப்போதுதான் செய்யப்படுகின்றது. அதன் திறவுகோலைச் செய்யும்போதே கேட்டுப் பெறுக!